சம்பளக் கணக்கு இன்னும் எக்செல்லில்தானா? மாற்றச் சொல்லி முதலாளியிடம் எந்தக் கணக்கைக் காட்டுவது?

ஒரு சின்னக் கேள்வியோடு ஆரம்பிக்கலாம். ஓர் ஊழியரின் மாத ஊதியம், இ.எஸ்.ஐ. கணக்குப்படி, 20,500 ரூபாய். ஜூன் மாதம் இன்கிரிமென்ட் வந்து அது 22,000 ஆகிறது. இ.எஸ்.ஐ. வரம்பு 21,000 ரூபாய். அப்படியென்றால் ஜூன் சம்பளத்திலிருந்து பிடித்தத்தை நிறுத்திவிடலாமா?

"வரம்பைத் தாண்டியாச்சு, நிறுத்திட வேண்டியதுதானே" என்று தோன்றும். எக்செல் ஷீட்டில் யாரோ எப்போதோ எழுதிய சூத்திரமும் அதையே செய்யும்: 21,000-க்கு மேல் என்றால் பிடித்தம் பூஜ்ஜியம். ஆனால் விதி வேறு. இ.எஸ்.ஐ.க்கு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பங்களிப்புக் காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. ஒரு காலத்தின் நடுவில் ஊதியம் வரம்பைத் தாண்டினாலும், அந்தக் காலம் முடியும்வரை பிடித்தம் தொடர வேண்டும். அதுவும் முழு 22,000-க்கும். ஊழியர் பங்கு 0.75 சதவீதம், அதாவது 165 ரூபாய். நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம், 715 ரூபாய்.

165 ரூபாய்தானே, இதில் என்ன வந்துவிடப்போகிறது?

ஏப்ரல்–செப்டம்பரில் கட்டிய பங்களிப்புக்கான பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை கிடைக்கும். உடம்பு சரியில்லாமல் வேலைக்கு வர முடியாவிட்டால் ஊதியத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள்வரை தரப்படும். அதற்கு ஒரு நிபந்தனை: அந்தப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாட்களுக்குப் பங்களிப்பு இருக்க வேண்டும். இப்போது எண்ணிப் பாருங்கள். ஏப்ரலில் 30, மே மாதத்தில் 31, மொத்தம் 61. ஜூனில் நிறுத்திய ஷீட், அந்த ஊழியரை 78-க்குக் கீழே தள்ளிவிட்டது. ஜனவரியில் அவருக்கு ஆபரேஷன் என்றால், படுக்கையில் இருக்கும்போதுதான் இது தெரியவரும். பிறகு நிறுவனம் பாக்கியைக் கட்டிச் சரிசெய்ய வழி உண்டு. ஆனால் மருத்துவச் செலவு அதுவரை காத்திருக்காது.

உங்கள் நிறுவனத்தின் சம்பளக் கணக்கு முறையை மாற்ற வேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள், ஆனால் மேலே இருப்பவர்கள் "இவ்வளவு நாள் ஓடலையா?" என்று கேட்கிறார்கள் என்றால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். எச்.ஆர்., அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதினாலும், மாதம் பிறந்தால் சம்பளம் வாங்கும் எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு.

"நேரம் மிச்சமாகும்" என்று ஏன் சொல்லக் கூடாது?

மென்பொருள் விற்பவர்கள் முதலில் சொல்வது இதைத்தான். மூன்று நாள் வேலை மூன்று மணி நேரத்தில் முடியும் என்பார்கள். இந்த வாதத்தோடு நீங்கள் போனால் பெரும்பாலும் தோற்றுத்தான் திரும்புவீர்கள். ஏன் என்று ஓர் எளிய கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

புனேயில் 120 பேர் வேலை செய்யும் ஒரு நிறுவனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கற்பனைதான், ஆனால் எண்கள் நம்பக்கூடியவை. மாதக் கடைசியில் இரண்டு பேர் ஆளுக்கு ஐந்து நாள் சம்பள வேலையில் உட்காருகிறார்கள். இருவருக்கும் மாதம் 40,000 ரூபாய் சம்பளம். மாதத்துக்கு 26 வேலை நாள் என்றால் ஒரு நாளின் விலை சுமார் 1,538 ரூபாய். பத்து நாளுக்கு 15,380. புதிய மென்பொருள் இதை மூன்று நாளாகக் குறைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். மிச்சம் 7 நாள், கிட்டத்தட்ட 10,770 ரூபாய். 120 பேருக்குப் பிரித்தால் தலைக்கு மாதம் 90 ரூபாய்.

இந்த மென்பொருள்களுக்குப் பெரும்பாலும் தலைக்கு மாதம் இவ்வளவு என்றுதான் கட்டணம். ஆக, கட்டணம் 90 ரூபாயை நெருங்கினாலே உங்கள் வாதம் படுத்துவிடும். அந்த இரண்டு பேரையும் வேலையை விட்டு அனுப்பப்போவதும் இல்லை. எனவே அந்த 10,770 ரூபாயும் காகிதத்தில் மட்டுமே மிச்சம். கணக்குத் தெரிந்த முதலாளி இதை இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

சரி, அபராதத்தைக் காட்டலாமா? அதையும் பார்த்துவிடுவோம். பி.எஃப். பணம் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். தாமதமானால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. அதற்கு மேல், 2024 ஜூன் முதல், மாதத்துக்கு 1 சதவீதம் அபராதம். நம் 120 பேருக்கும் 15,000 ரூபாய் வரம்பில் இரு பங்கும் சேர்த்துத் தலைக்கு 3,600, மொத்தம் 4,32,000 ரூபாய். பத்து நாள் தாமதமானால் வட்டி சுமார் 1,420 ரூபாய், அபராதமும் ஏறக்குறைய அதே அளவு. இரண்டும் சேர்ந்தாலும் 3,000 ரூபாயைத் தொடாது.

டி.டி.எஸ். கொஞ்சம் காரமானது. பிடித்த வரியைத் தாமதமாகக் கட்டினால் மாதத்துக்கு 1.5 சதவீத வட்டி. மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதமாகவே எண்ணப்படும். ஜனவரி 31-ல் பிடித்த வரியை பிப்ரவரி 7-க்குப் பதில் 8-ஆம் தேதி கட்டினால், ஒரே நாள் தாமதத்துக்கு இரண்டு மாத வட்டி, 3 சதவீதம் என்று நோட்டீஸ் வரும். காலாண்டு அறிக்கை தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய். எரிச்சல் தரும் தொகைதான், ஆனால் ஒரு நிறுவனத்தைப் புரட்டிப்போடும் தொகை அல்ல.

அப்படியானால் பெரிய பணம் எங்கே இருக்கிறது?

தாமதத்தில் இல்லை, அடிப்படைத் தொகையில் இருக்கிறது

சம்பளக் கணக்கில் மிக விலை உயர்ந்த தவறு, எந்தத் தொகையின் மீது சதவீதம் போடுகிறோம் என்பதில் நடக்கிறது. இது ஒவ்வொரு மாதமும் சத்தமில்லாமல் நடக்கும். சலான் சரியான தேதியில் போயிருக்கும், ரசீதும் வந்திருக்கும். எல்லாம் பச்சை விளக்காகவே தெரியும்.

ஓர் ஊழியருக்கு அடிப்படைச் சம்பளம் 9,000, 'சிறப்புப் படி' 11,000 என்று சம்பளம் பிரிக்கப்பட்டிருக்கிறது. பி.எஃப். 9,000-க்கு மட்டும் கட்டுகிறார்கள். எல்லோருக்கும் பொதுவாகத் தரப்படும் சிறப்புப் படியும் அடிப்படை ஊதியத்தில் சேரும் என்று உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரி 28 அன்று, விவேகானந்தா வித்யாமந்திர் உள்ளிட்ட வழக்குகளில் தீர்ப்பளித்தது. அதன்படி இவருக்கு வரம்பான 15,000 வரை பி.எஃப். கட்டியிருக்க வேண்டும். விட்டுப்போனது 6,000-க்கான 24 சதவீதம், மாதம் 1,440 ரூபாய்.

நம் புனே நிறுவனத்தில் இப்படி 40 பேர் இருந்தால் மாதம் 57,600. ஐந்து ஆண்டுகளுக்கு 34,56,000 ரூபாய். வட்டியும் அபராதமும் இதற்கு மேல். ஊழியர் பங்கை நிறுவனம் அந்தந்த மாதமே பிடித்திருக்க வேண்டும். பழைய பாக்கியை இப்போது அவர் சம்பளத்தில் கை வைத்து எடுக்கப் பொதுவாக முடியாது. ஆக இரண்டு பங்கும் நிறுவனத்தின் தலையில்தான். ஏன் ஐந்து ஆண்டு? புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, இத்தகைய விசாரணையைத் தொடங்க ஐந்து ஆண்டு என்று காலக்கெடு வைத்திருக்கிறது.

ஊழியர் பக்கத்திலிருந்து பார்த்தால், ஒவ்வொருவருக்கும் 86,400 ரூபாய் பி.எஃப்., பென்ஷன் கணக்குகளுக்குப் போகவே இல்லை. மாதம் 20,000 வாங்குபவருக்கு இது நான்கு மாதச் சம்பளத்துக்கும் மேல்.

முதலாளியிடம் காட்ட வேண்டிய எண் இந்த மாதிரியானது. "மாதம் ஏழு நாள் மிச்சம்" என்று சொல்வதைவிட, "நம் ஷீட்டில் எத்தனை பேருக்கு அடிப்படைத் தொகை தப்பு, ஐந்து ஆண்டில் அது எவ்வளவு" என்று சொன்னால்தான் காது கொடுத்துக் கேட்பார்கள்.

இப்போது மாற்ற என்ன அவசரம்?

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. 29 பழைய சட்டங்கள் இவற்றுக்குள் அடங்கிவிட்டன. பேரோல் பார்ப்பவருக்கு இதில் முக்கியமானது 'ஊதியம்' என்ற ஒரே சொல்லின் வரையறைதான்.

முன்பு ஒவ்வொரு சட்டத்திலும் ஒவ்வொரு வரையறை இருந்தது. இப்போது ஒன்றுதான். அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, தக்கவைப்புப் படி ஆகியவை ஊதியம். வீட்டு வாடகைப் படி, பயணப் படி, போனஸ், கமிஷன், ஓவர்டைம் போன்றவை விலக்கு. ஆனால் விலக்குகளின் கூட்டுத்தொகை மொத்தத்தில் 50 சதவீதத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியத்தோடு சேர்ந்துவிடும்.

உதாரணம் இல்லாமல் இது புரியாது. மாதம் 60,000 ரூபாய் பெறும் ஒருவருக்கு அடிப்படை 18,000, மீதி 42,000 விலக்குள்ள தலைப்புகளில் இருக்கிறது. பாதி என்பது 30,000. விலக்கு 12,000 அதிகம். அதை 18,000-த்தோடு சேர்த்தால் ஊதியம் 30,000. இவர் ஆறு ஆண்டு வேலை செய்துவிட்டு விலகினால் பணிக்கொடை எவ்வளவு? ஊதியத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, ஆண்டுகளால் பெருக்க வேண்டும். பழைய முறையில் 62,308 ரூபாய். புதிய முறையில் 1,03,846 ரூபாய். ஒரே ஆளுக்கு 41,538 ரூபாய் வித்தியாசம். உங்கள் ஷீட்டில் பணிக்கொடைக்கான கட்டம் இன்னும் 'அடிப்படைச் சம்பளம்' என்ற பத்தியையே பார்த்துக்கொண்டிருந்தால், நிறுவனம் ஒதுக்கிவைத்திருக்கும் தொகையும் தப்பு, விலகுபவர் கையில் கொடுக்கும் தொகையும் தப்பு.

ஒப்பந்தக் கால ஊழியர்களுக்கு இப்போது ஐந்து ஆண்டு காத்திருக்கத் தேவையில்லை, ஓராண்டு முடித்தாலே பணிக்கொடை உண்டு. அதாவது வேலையில் சேர்ந்த தேதி, ஒப்பந்த வகை இரண்டும் சம்பளக் கணக்கோடு ஒட்டியே இருக்க வேண்டும். ஒன்று எச்.ஆர். கோப்பிலும் இன்னொன்று அக்கவுண்ட்ஸ் ஷீட்டிலும் இருந்தால் யாராவது ஒருவர் விடுபட்டே தீருவார்.

எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது இறுதிக் கணக்கு முடிக்கும் கெடு. நீக்கப்பட்டாலும் சரி, தானாக ராஜினாமா செய்தாலும் சரி, கடைசி ஊதியம் இரண்டு வேலை நாட்களுக்குள் தரப்பட வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்றால், சனி, ஞாயிறு விடுமுறையுள்ள அலுவலகத்தில் செவ்வாய்க்குள் பணம் போயாக வேண்டும். "ஃபைனல் செட்டில்மென்டா? 45 நாள் ஆகும் சார்" என்ற பழைய வசனம் இனி எடுபடாது. விடுப்பு இருப்பு, நோட்டீஸ் காலம், முன்பணம், வரி எல்லாவற்றையும் இரண்டு நாளில் சேர்த்துக் கணக்குப் போட நான்கு கோப்புகளைத் திறக்கும் முறையால் முடியாது. நேர மிச்சம் உண்மையிலேயே வாதமாகும் இடம் இது ஒன்றுதான்.

போதாக்குறைக்கு, 2026 ஏப்ரல் 1 முதல் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 2025-ஆம் ஆண்டுச் சட்டம் வந்துவிட்டது. முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற இரட்டைக் குழப்பம் போய் 'வரி ஆண்டு' என்று ஒன்றே இருக்கிறது. பிரிவு எண்களும் மாறிவிட்டன. இதோடு பழைய வரிமுறையா புதியதா என்று ஊழியர் சொல்வதையும் மாதாமாதம் கணக்கில் கொள்ள வேண்டும். அவர் எதையும் சொல்லாவிட்டால் புதிய முறைதான்.

ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். புதிய வரையறையால் எல்லோருடைய கைச் சம்பளமும் குறையும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றியது அப்படியே உண்மை அல்ல. பி.எஃப். 15,000 ரூபாய் வரம்பின் மீதே பிடிக்கப்படுபவருக்கு இதனால் பிடித்தம் கூடாது. வரம்பு இல்லாமல் முழு அடிப்படைக்கும் பி.எஃப். பிடிக்கும் நிறுவனங்களில்தான் கேள்வி எழும்.

மாநிலம் மாறினால் கணக்கும் மாறும்

நம் புனே நிறுவனத்துக்கு பெங்களூருவிலும் டெல்லியிலும் கிளை இருக்கிறது என்று வைப்போம். மூன்று இடத்திலும் 24,000 ரூபாய் சம்பளத்தில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இருக்கிறார்கள். தொழில் வரி யாருக்கு எவ்வளவு?

மகாராஷ்டிரத்தில் ஆணுக்கு மாதம் 200 ரூபாய். பெண்ணுக்கு 25,000 வரை வரி இல்லை. கர்நாடகத்தில் 25,000-க்குக் கீழே இருவருக்கும் இல்லை. டெல்லியில் அப்படி ஒரு வரியே கிடையாது. அரசியல் சட்டத்தின் 276-ஆவது பிரிவு இந்த வரிக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. மாதம் 200 வீதம் பன்னிரண்டு மாதம் பிடித்தால் 2,400-தான் வரும். மிச்சம் 100 ரூபாயை விட மனசு வருமா? அதனால்தான் மகாராஷ்டிரம் பிப்ரவரியில் மட்டும் 300 ரூபாய் பிடிக்கிறது. 2025 ஏப்ரலிலிருந்து கர்நாடகமும் அதே வழியில். நாளைக்குச் சென்னையில் ஒரு கிளை திறந்தால் அங்கே இது மாத வரியே அல்ல, உள்ளாட்சி அமைப்புக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டுவது.

இவற்றையெல்லாம் எக்செல்லில் எழுத முடியாதா? முடியும். எக்செல் மேல் எனக்குக் கோபம் இல்லை, என் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது. பிரச்சினை சூத்திரம் எழுதுவதில் இல்லை. எழுதியவர் வேலையை விட்டுப் போன பிறகு, ஒரு மாநிலம் பட்ஜெட்டில் ஒரு வரியை மாற்றும்போது, எந்தக் கட்டத்தைத் திருத்த வேண்டும் என்று யாருக்குத் தெரியும் என்பதுதான்.

எக்செல்லுக்கே உரிய சில பள்ளங்களும் இருக்கின்றன. அது ஓர் எண்ணில் 15 இலக்கங்களைத்தான் சரியாக வைத்துக்கொள்ளும். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணை 'எழுத்து' வடிவில் அல்லாமல் சாதாரண எண்ணாகப் போட்டால் கடைசி இலக்கம் பூஜ்ஜியமாகிவிடும். பூஜ்ஜியத்தில் தொடங்கும் கணக்கு எண்ணில் அந்த முதல் பூஜ்ஜியம் காணாமல் போகும். நெஃப்ட்டில் பணம் வரவாவது கணக்கு எண்ணை வைத்துத்தான், பெயரை வைத்து அல்ல. பெரும்பாலும் அப்படி ஒரு கணக்கே இல்லாமல் பணம் திரும்பி வந்துவிடும். அந்த எண்ணில் வேறொருவர் இருந்துவிட்டால் என்னாவது?

2020-ல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு பழைய எக்செல் கோப்பு வடிவத்தைப் பயன்படுத்தியதால், கோப்பின் வரிசைகள் நிரம்பி 15,841 கோவிட் தொற்றாளர்களின் விவரம் சில நாட்கள் கணக்கிலேயே வராமல் போனது. அங்கே எந்த எச்சரிக்கை மணியும் அடிக்கவில்லை. கோப்பு வழக்கம்போல் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

மென்பொருள் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடுமா?

ஆகாது. இதை நீங்களே முதலில் சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் எதிர்த் தரப்பு சொல்லும்.

உலகத்தின் மிகப் பிரபலமான பேரோல் மாற்றம், மிகப் பிரபலமான தோல்வியும் கூட. கனடா அரசு 2016 பிப்ரவரியில், சுமார் 40 ஆண்டுப் பழைய சம்பள முறையைக் கைவிட்டு 'ஃபீனிக்ஸ்' என்ற புதிய முறைக்கு மாறியது. ஆண்டுக்கு 7 கோடி கனடிய டாலர் மிச்சமாகும் என்பது கணக்கு. அந்த மிச்சத்துக்காகப் பல துறைகளில் இருந்த சம்பள ஆலோசகர் பணியிடங்கள் சுமார் 1,200 ஒழிக்கப்பட்டு, வேலை மிராமிஷி என்ற ஊரில் ஒரே மையத்துக்குப் போனது. பட்ஜெட்டுக்குள் முடிக்க, முன்தேதியிட்ட சம்பள உயர்வைக் கணக்கிடுவது போன்ற வசதிகள் வெட்டப்பட்டன. முன்னோட்டச் சோதனை கைவிடப்பட்டது. விளைவு, ஆயிரக்கணக்கான அரசு ஊழியர்களுக்குச் சம்பளம் குறைவாக வந்தது, சிலருக்கு அதிகமாக வந்தது, சிலருக்கு வரவே இல்லை. 2018-ல் அந்நாட்டின் தலைமைத் தணிக்கையாளர் இதைக் கடுமையாகக் கண்டித்தார். மிச்சம் பிடிக்கப் போய், அதைவிடப் பல மடங்கு பணத்தை அரசு திருத்தும் வேலையில் கொட்டியது.

கவனியுங்கள், அங்கேயும் வாதம் 'மிச்சம்' என்றுதான் தொடங்கியது. அந்த மிச்சத்தைக் காட்டியாக வேண்டும் என்பதற்காக, தவறைப் பிடிக்கக்கூடிய மனிதர்களை முதலில் வெளியேற்றினார்கள்.

கிளவுடில் போட்டுவிட்டால் கவலை இல்லை என்பதும் பாதிதான் சரி. 2021 டிசம்பரில் அமெரிக்காவில் குரோனோஸ் நிறுவனத்தின் கிளவுட் சேவை ரேன்சம்வேர் தாக்குதலில் முடங்கியபோது, மருத்துவமனைகள் உட்பட பல இடங்களில் வருகைப் பதிவையே கையால் எழுதவேண்டி வந்தது.

நம் 9,000 ரூபாய் உதாரணத்துக்கே திரும்பினால், சிறப்புப் படியை பி.எஃப்.பில் சேர்க்காதே என்று புதிய மென்பொருளில் நீங்களே டிக் அடித்துவைத்தால், அதே தவற்றை அது இன்னும் வேகமாகவும் அழகான பேஸ்லிப்போடும் செய்யும். அதனால் சம்பளக் கட்டமைப்பைத் தொழிலாளர் சட்டம் தெரிந்த ஒருவரிடம் காட்டிச் சரிசெய்வது முதல் வேலை, மென்பொருள் அதற்குப் பிறகு.

சரி, முதலாளி முன் என்ன வைப்பது?

கடந்த 12 மாதச் சம்பளப் பட்டியலை எடுங்கள். எத்தனை இடத்தில் 'அரியர்', 'திருத்தம்', 'போன மாத விடுபட்டது' என்று இருக்கிறது என்று எண்ணுங்கள். இது உங்கள் பிழை விகிதம், வேறு யாருடைய ஆய்வும் தேவையில்லை. 120 பேருக்கு 12 மாதம் என்றால் 1,440 பேஸ்லிப்புகள். அதில் 90 திருத்தம் இருந்தால் பதினாறில் ஒன்று தப்பு. "நம்ம ஆபீஸ்ல பதினாறு சம்பளத்துல ஒண்ணு தப்பாப் போகுது சார்" என்ற ஒரு வரி, இருபது பக்க பிரசன்டேஷன் செய்யாததைச் செய்யும்.

அடுத்து, இருபது பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, அவர்களின் ஒரு மாதச் சம்பளத்தை விதிப்படி முதலிலிருந்து கையால் கணக்கிடுங்கள். ஆண்டின் நடுவில் இன்கிரிமென்ட் வாங்கியவர், சம்பளமில்லா விடுப்பு எடுத்தவர், மாதப் பாதியில் சேர்ந்தவர், வேறு மாநிலக் கிளையில் இருப்பவர் ஆகியோர் அதில் கட்டாயம் இருக்கட்டும். தவறுகள் ஒளிந்திருக்கும் இடங்கள் இவைதான். கிடைக்கும் வித்தியாசத்தை ஐந்து ஆண்டுக்கு நீட்டினால் உங்கள் அபாயத் தொகை தோராயமாகத் தெரிந்துவிடும்.

தனித்தகவல் பற்றியும் ஒரு பத்தி இருக்கட்டும். ஆதார், பான், வங்கிக் கணக்கு எண், சம்பளம் எல்லாம் இருக்கும் கோப்பு எத்தனை பேரின் மின்னஞ்சலில், எத்தனை பென் டிரைவில் கிடக்கிறது? 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம். இதைப் பூச்சாண்டியாகக் காட்ட வேண்டாம். "எம்.டி. சம்பளம் யார் யாருக்குத் தெரியும்?" என்று கேட்டால் போதும், புரிந்துவிடும்.

எல்லா நிறுவனத்துக்கும் புதிதாக வாங்கத் தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே ஊரில் 15 பேர் வேலை செய்யும் கடைக்கு, ஏற்கெனவே வைத்திருக்கும் டேலி பிரைமில் உள்ள பேரோல் வசதியே போதுமானதாக இருக்கலாம். கிரேட்எச்ஆர், கேகா, ஜோஹோ பேரோல் போன்றவற்றில் எதைப் பார்த்தாலும் விற்பனையாளரிடம் கட்டுரையின் தொடக்கத்தில் உள்ள இ.எஸ்.ஐ. கேள்வியைக் கேட்டு, திரையில் செய்துகாட்டச் சொல்லுங்கள். கூடவே, விதி மாறினால் எத்தனை நாளில் அப்டேட் வரும், யார் எந்த எண்ணை எப்போது மாற்றினார் என்ற பதிவு இருக்குமா, நாளை நாங்கள் வெளியேறினால் எல்லாத் தரவையும் எந்த வடிவில் திருப்பித் தருவீர்கள் என்றும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்குத் தடுமாறினால் அடுத்த கடையைப் பார்க்கலாம்.

நான் சம்பளம் வாங்குபவன் மட்டும்தான், எனக்கு என்ன?

இன்றே செய்யக்கூடியது ஒன்று. பேஸ்லிப்பில் உள்ள பி.எஃப். தொகை, பி.எஃப். அமைப்பின் பாஸ்புக்கில் அதே மாதத்துக்கு அதே அளவில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். உமங் செயலியில் பார்க்கலாம். டி.டி.எஸ். தொகையை வருமான வரித் தளத்தில் உங்கள் கணக்கில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். வேலை மாறியிருந்தால், பழைய நிறுவனம் நீங்கள் விலகிய தேதியைப் பதிவு செய்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாமல் பி.எஃப். பணத்தை மாற்றும்போது தலைவலி வரும். பி.எஃப். உறுப்பினர் பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. அந்த மனுவைப் பரிசீலிக்கும்போதும் இதே பதிவுகளைத்தான் பார்ப்பார்கள்.

வித்தியாசம் தெரிந்தால் எச்.ஆருக்கு எழுத்தில் கேளுங்கள். சண்டைக்கு அல்ல. மாற்றம் கேட்டு மேலே போராடிக்கொண்டிருக்கும் அந்த எச்.ஆர். ஊழியருக்கு உங்கள் மின்னஞ்சலே ஓர் ஆதாரம்.

எப்போது மாறுவது?

ஏப்ரல் 1-தான் சரியான நாள். வரி ஆண்டும் இ.எஸ்.ஐ. பங்களிப்புக் காலமும் அன்றுதான் தொடங்குகின்றன. நடுவில் மாறினால் அதுவரை கொடுத்த சம்பளம், பிடித்த வரி, ஊழியர் காட்டிய முதலீடு எல்லாவற்றையும் ஒவ்வொருவருக்கும் புதிய முறையில் ஏற்ற வேண்டும். தப்பு நுழைவது அங்கேதான். ஏப்ரலைத் தவறவிட்டால் அடுத்த நல்ல நாள் அக்டோபர் 1, அதுவும் இ.எஸ்.ஐ. கணக்குக்கு மட்டும் வசதி.

மாறும் முன் குறைந்தது இரண்டு மாதம் பழைய முறையையும் புதியதையும் ஒரே நேரத்தில் ஓட்டி, ஒவ்வொரு ஊழியருக்கும் வரும் தொகையை ரூபாய் சுத்தமாக ஒப்பிட வேண்டும். கனடா தவிர்த்தது இதைத்தான். வித்தியாசம் வரும் ஒவ்வொரு இடத்திலும் புதியதுதான் தப்பு என்று முடிவு கட்டாதீர்கள். பாதி நேரம் பழைய ஷீட்டின் தவறு அங்கே வெளியே வரும். அந்த இரண்டு மாதமும் பேரோல் ஆட்களுக்கு இரட்டை வேலை, அதற்கான கூடுதல் கூலியையும் பட்ஜெட்டில் எழுதிவிடுங்கள்.

பின்னோக்கிக் கணக்குப் போட்டால், பிப்ரவரி, மார்ச் சம்பளம் இணையாக ஓட வேண்டும். ஜனவரியில் ஊழியர் தரவைச் சுத்தம் செய்ய வேண்டும்: ஆதாரில் ஒரு பெயர், பானில் ஒரு பெயர், பி.எஃப்.பில் இன்னொன்று என்று இருப்பவர்களைச் சரிசெய்யவே அந்த மாதம் போய்விடும். நவம்பர், டிசம்பரில் விற்பனையாளர்களைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஆக, அந்த இருபது பேரின் சம்பளத்தைக் கையால் கணக்கிட்டு முதலாளி மேஜையில் வைக்க வேண்டிய மாதம் அக்டோபர்.